கீழ்த்தட்டுக்கு ஒரு வாரம் ஓய்வு

பெனிட்டா முதல் படத்தைத் திரையில் போட்டபோது சென்னியப்பன் குனிந்து தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது, பார்க்க அதில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் அந்தப் பெண்ணின் முகம் தெரியும், அது கூட்டத்துக்குள் இவரைத் தேடிப்பிடித்துச் சிரிக்கும், பதிலுக்கு இவரும் சிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு இன்றைக்குத் தன்னிடம் முகம் இல்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஸ்டோர் லோகநாதன் முழங்கையால் இடித்தான். "சென்னியண்ணா, கடைசியில உங்க போட்டோ வருதாமா. கொஞ்சம் பவுடராவது பூசிட்டு வந்திருக்கலாமில்ல?" பேசாமல் இருப்பா என்று கையைக் காட்டினார். போட்டோ வேறா. எப்போது எடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து எடுத்திருப்பாள், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எடுக்கிறார்கள், வழுக்கைதான் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், முகம் தெரியாமல் இருந்தால் சரி. நாற்பது நிமிடம் பேசுவாள், பிறகு கேள்விகள், பிறகு காப்பி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய கடைசிக் கூட்டம் இது. இது நல்லபடியாக முடிந்துவிட்டால் அடுத்த மாதம் கட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவாள், அவள் கண்டுபிடித்ததை எலியில் பார்க்க அவளுடைய வழிகாட்டி தணிகாசலம் சார் ஏற்கெனவே அனுமதி எழுதிப் போட்டுவிட்டார், எலிக்குப் பிறகு மாடியிலிருக்கும் லேப்பிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும், வார்டில் கட்டிலில் யாரோ கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் காலையில் எட்டு மணிக்கே வந்தார். அவளும் வந்திருந்தாள், பச்சைப் புடவையில், லேப் கதவின் கண்ணாடியில் முதுகுப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. "அண்ணே, பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குதா? எங்கம்மை இல்லாம நானே கட்டுனது." இவர் வாயைத் திறந்தார். "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றுதான் வந்தது. வேறென்ன வரும் இந்த வாயிலிருந்து. ஆறு மாதமாக இந்த வாய் பழகிவைத்திருப்பது அந்த ஒரு சொல்தானே.

ஆங்கிலத்தில் பேசினாள். இவருக்குப் புரிந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் பாட்டில் கழுவ வந்தபோது புரியாது, பத்தாவதில் தவறியவருக்கு என்ன புரியும். கழுவிய பாட்டிலின் சீட்டில் இருக்கும் சொல்லை எழுதிக்கொண்டுபோய் வீட்டில் பழைய அகராதியை வைத்துத் தேடுவார், அகராதியில் பாதிச் சொல் இருக்காது, இல்லாததை மறுநாள் யாரிடமாவது கேட்பார், கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்காமலே விட்டுவிட்டு அடுத்த பாட்டிலில் அதே சொல் வரும்போது அது எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பார். அப்படி வந்த படிப்பு. திரையில் இப்போது புற்றுநோய்ச் செல்லின் படம். கறுப்பில் சிவப்புப் புள்ளிகள், நடுவில் ஓர் இருட்டு வட்டம். அந்தச் சிவப்புதான் மருந்து. வார்டில் எல்லோரும் சிவப்பு மருந்து என்றே சொல்வார்கள், பெயர் சொல்ல வராது. அது நடுவிலிருக்கும் உட்கருவுக்குள் போனால் செல் செத்துவிடும். ஆனால் மருந்துக்குப் பழக்கப்பட்ட செல் அதை நடுவுக்கு விடாது. செல்லுக்குள்ளே குப்பை கரைக்கிற சின்னச் சின்னப் புளிப்புப் பைகள் இருக்கின்றன, லைசோசோம் என்று பெயர், மருந்து அந்தப் புளிப்பில் போய் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. செல் பாட்டுக்கு இருக்கும், மருந்து பாட்டுக்குப் பையில் இருக்கும். பையின் தோல் கொழுப்பால் ஆனது. செல் கொழுப்பு செய்வதை வேறொரு மருந்தால் நிறுத்திவிட்டால் தோல் நைந்து பை ஒழுகும், உள்ளே அடைபட்ட சிவப்பு மருந்து நடுவுக்கு ஓடும். பெனிட்டாவின் ஆறு வருடமும் இந்த ஒழுகலைப் பிடிக்கத்தான். இதை ஒருநாள் அவர் மனைவி ருக்குமணிக்குச் சொன்னார். அவள் ரசத்துக்குக் கரைத்துக்கொண்டிருந்தாள், புளியைப் பிழிந்த கையோடு நின்று கேட்டாள். "அப்ப மருந்தைப் பிடிச்சு டப்பால போட்டு மூடி வச்சுக்குதுங்களா?" ஆமாம் என்றார். "கெட்டிக்காரிதான். என்னையாட்டம். நீங்க வாங்கிட்டு வர்ற மிச்சரு எங்க போகுதுன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிச்சீங்களா?" அவளுக்குப் புற்றுக்கட்டி இரண்டாம் முறை வந்து பத்து நாள் ஆகியிருந்தது அப்போது. சிரித்தாள். இவரும் சிரித்தார். சிரித்ததை நினைத்தால் இப்போது காது சுடுகிறது, ஏனென்று தெரியவில்லை, சிரித்ததில் தப்பு ஒன்றுமில்லை, தப்பு வேறு இடத்தில் இருக்கிறது, ஆனால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் சுடுகிறது.

சிவப்பு. முதல் ஊசி போட்டுக் கூட்டிவந்த மறுநாள் அவள் கழிப்பறையிலிருந்து வெளியே வர நேரமானது. வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானமும் நேரமானது. அடுத்த நாள் காலை கொல்லையில் பாவாடை இரண்டு அலசிக் காய்ந்துகொண்டிருந்தது, நேற்றும் இரண்டு அலசியிருந்தாள், ஊசி போட்ட உடம்போடு. அப்போதுதான் இவருக்கு உறைத்தது. சிவப்பு மருந்து போட்டால் ஒன்றிரண்டு நாள் நீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம். பதினைந்து வருடமாக அந்த நிறத்தைக் கையில் வைத்திருப்பவர், கையுறையில் ஒரு துளி பட்டாலும் எத்தனை கழுவினால் போகும் என்று தெரிந்தவர், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பத்து எச்சரிக்கை சொல்பவர், வீட்டில் இருந்த ஒருத்தியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் ரத்தம் என்று நினைத்துக்கொண்டாள். ரத்தம் போகிறது, இன்னும் நாளில்லை, இவரிடம் சொன்னால் பயந்துபோவார் என்று இரண்டு நாள் ஒளித்தாள். கேட்டபோதுதான் சொன்னாள், தலையைத் திருப்பிக்கொண்டு, வெட்கப்பட்டு. வெட்கப்பட வேண்டியது யார். இவர் விளக்கம் சொன்னார். நிறம், கழிவு, சிறுநீரகம் என்று ஏதேதோ. பாடம் எடுப்பதுபோல எடுத்தார். அவள் கேட்டுவிட்டு, "சரிங்க, சாப்பிட வாங்க" என்றாள். அந்தப் பாவாடைகள் கொடியில் இருந்த வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது, நீலம், ஊதா, ஊதா, மஞ்சள். மஞ்சளில் கறை முழுதாகப் போகவில்லை.

திரையில் இப்போது செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற இன்குபேட்டர் அலமாரியின் படம். கதவு திறந்து, மேல்தட்டு, கீழ்த்தட்டு. பெனிட்டா கையிலிருந்த சிவப்பு ஒளிக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மேல்தட்டில் நான்கு பிளாஸ்க், செல் வளர்க்கிற தட்டையான பாட்டில்கள், உள்ளே பழக்கப்பட்ட செல்கள், வாரம் ஒருமுறை வியாழக்கிழமை கொஞ்சம் சிவப்பு மருந்து, அவ்வளவுதான். பழக்கப்பட்ட செல்லுக்கு அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் மருந்தைப் பையில் அடைக்கிற வித்தையை மறந்துபோகும். கீழ்த்தட்டிலும் நான்கு, அதே செல்கள், அதே வியாழக்கிழமை, அதே கொஞ்சம், அதோடு கொழுப்பைத் தடுக்கிற மருந்து. கொழுப்பு மருந்தைத் தனியாக ஊற்றினால் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். ஆடி முதல் புரட்டாசி வரை பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் அவள் ஊரில் இல்லை, பெங்களூரில் பெரிய மைக்ராஸ்கோப் ஒன்றில் வேலை கற்கப் போயிருந்தாள். போகும்போது, "அண்ணே, நீங்க இருக்கியன்னுதான் போறேன். இல்லன்னா போவ மாட்டேன்" என்றாள். சென்னியப்பன் கையில் பிளாஸ்க் சாகாது என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்வது. யாரோ விளையாட்டாகச் சொன்னது பிறகு அப்படியே நின்றுவிட்டது, இவரும் அதை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டார். மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஓடிவந்து பிளாஸ்க்கைக் காப்பாற்றியிருக்கிறார், பூஞ்சை பிடித்ததைப் பிரித்து எடுத்துப் பிழைக்கவைத்திருக்கிறார், டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளைகள் கைவிட்டதையெல்லாம். முதல் வியாழன் ஊற்றினார். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தார். மேல்தட்டு தரையில் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கிடந்தது. கீழ்த்தட்டில் பாதி பிய்ந்து மிதந்தது. செல் செத்தால் உருண்டு மேலே வந்துவிடும், கழுவின அரிசியில் மிதக்கிற பதர் மாதிரி. செல்லுக்குத் தீனியான மீடியத்தைப் புதிதாக மாற்றினார். இரண்டாவது வியாழன் ஊற்றினார். முக்கால்வாசி போய்விட்டது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன, இன்னொரு வியாழன் தாங்காது, அந்தப் பெண் வரும்போது காலி பிளாஸ்க்கைத்தான் நீட்ட வேண்டும். நீட்டுவதா. சென்னியப்பன். அந்த வாரந்தான் வார்டில் ருக்குமணிக்கு வெள்ளணு விழுந்துபோயிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "உடம்பு தாங்காதுங்க, ஒரு வாரம் ஓய்வு குடுப்போம், தேறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். அது முறைதான். எல்லோருக்கும் செய்வதுதான். அந்தச் சொல் காதில் இருக்கும்போதே லேப்புக்கு வந்து, கிருமி படாமல் வேலை செய்கிற கண்ணாடிப் பெட்டியான ஹூட்டின் முன்னால் உட்கார்ந்தார், மேல்தட்டுக்கு மருந்து ஊற்றினார், கீழ்த்தட்டை எடுத்தார், பிப்பெட்டில் சிவப்பை உறிஞ்சினார், உறிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் விட்டார், கொழுப்பு மருந்தை மட்டும் ஊற்றினார். ஒரு வாரம் ஓய்வு. தேறட்டும். அட்டவணையில் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தார்.

அங்கேதான் மனது ஒவ்வொரு முறையும் போய் மாட்டுகிறது. ஊற்றாததைக்கூட ஒரு மாதிரி சொல்லிவிடலாம். டிக் எதற்கு. கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். ஓய்வு என்று எழுதியிருக்கலாம். கை தானாக அடித்தது என்று சொல்லிக்கொள்வார், அடுத்த நிமிடமே இல்லை என்று தெரியும், கை தயங்கியது, பேனா மூடியை ஒருமுறை கழற்றி மாட்டிக் கழற்றினார், பிறகுதான் அடித்தார். அடுத்த வியாழன் செல் கொஞ்சம் தேறியிருந்தது, இன்னும் ஒரு வாரம் என்று விட்டார். அதற்கடுத்தது நன்றாகப் பிடித்துக்கொண்டது, இப்போது போய் ஊற்றினால் மறுபடி விழும் என்று விட்டார். எட்டு வாரம். எட்டு டிக். இடையில் பெனிட்டா போனில் கேட்பாள், "அண்ணே, கீழ்த்தட்டு எப்படி இருக்கு?" நல்லா இருக்குதுங்க அம்மிணி. "அக்காவுக்கு எப்படி இருக்கு?" பரவாயில்லைங்க அம்மிணி. இரண்டும் ஒரே மூச்சில். சொல்லும்போது எது செல், எது ருக்குமணி என்று தனக்கே குழம்பும். கீழ்த்தட்டு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. எந்தச் செல் வீட்டில் ருக்குமணியின் அக்குளில் கெட்டியாக உட்கார்ந்திருந்ததோ அதே இனத்துச் செல்லை இங்கே தட்டில் வைத்து, சூடு பார்த்து, தீனி மாற்றி, மருந்து படாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் அது பளபளவென்று பரவிக் கிடந்ததைப் பார்த்து மனதுக்குள் ஒரு நிறைவு வந்தது. வந்தது, ஆமாம். யாரும் பார்க்கவில்லை. அந்த நிறைவோடு டிபன்பாக்ஸைத் திறந்தார். அவள் அந்த உடம்போடு எழுந்து செய்து கொடுத்த எலுமிச்சைச் சோறு. சாப்பிட்டார்.

பெனிட்டா தண்ணீர் குடித்தாள். கூட்டம் அசைந்து உட்கார்ந்தது. யாரோ இருமினார்கள். சென்னியப்பனும் இருமிப் பார்த்தார், தொண்டை இருக்கிறதா என்று. ஒரு வாரம் ஓய்வென்று டாக்டர் சொன்னதற்கு அடுத்த வாரம் இருக்கிறதே, அதற்கு மனது போகவே போகாது, போனால் வழியிலேயே எதையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடும், பாவாடை, டிக், டிபன்பாக்ஸ், எதுவானாலும் சரி. இன்றைக்கு நிற்கவில்லை, நேரே போய்விட்டது. அன்றைக்கும் வியாழக்கிழமை. ரத்தச் சீட்டு வந்தது. டாக்டர் இவரை மட்டும் வெளியே கூப்பிட்டார், அவள் உள்ளே நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பையில் மாற்றுத்துணி, பிளாஸ்டிக் குவளை, வாந்திக்கு ஒரு கிண்ணம், எல்லாம் தயார். "கவுண்ட் ஏறியிருக்கு. ஓரத்துலதான் இருக்கு, ஆனா போடலாம். நீங்க என்ன சொல்றீங்க?" போடலாம் என்றார் டாக்டர். இவர் மணியைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். ஊசி ஏறி முடிய மத்தியானம் ஆகும், பிறகு அவளை வீட்டில் விட்டு, வாந்தி நிற்கும்வரை இருந்து, லேப்புக்கு இன்றைக்குப் போக முடியாது, வியாழக்கிழமை, எட்டு பிளாஸ்க்குக்கும் மீடியம் மாற்ற வேண்டும், கீழ்த்தட்டு இப்போதுதான் தேறுகிறது. "ரொம்ப சோர்வா இருக்காங்க டாக்டர். இன்னும் ஒரு வாரம் விட்டுப் போடலாங்களா" என்று சொன்னார். டாக்டர் தோளைத் தொட்டு, சரி என்று எழுதினார். மனைவியை நினைத்து உருகும் கணவன் என்று நினைத்திருப்பார். உள்ளே போனார். "ஏனுங்க, இன்னிக்குப் போடலையா?" டாக்டர் வேண்டாம்னுட்டார் என்றார். அவள் பையைப் பார்த்தாள். "நான் நல்லாத்தானே இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன். போட்டுக்கறேன்னு சொல்லுங்க." சொல்லிப் பார்த்துட்டேன் ருக்கு, அவர் கேக்கல என்றார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மாடிப்படி ஏறி வந்து மீடியம் மாற்றினார். ஒரு வாரத்தால் ஒன்றும் ஆகியிருக்காது, இதை அவர் படித்திருக்கிறார், மூன்று இடத்தில் தேடிப் படித்தார், அவளுடைய கட்டி அதற்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டது, எப்படியும் கார்த்திகையில் போயிருப்பாள். மூன்று இடத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. மூன்று இடத்திலும் மிச்சமிருக்கும் சங்கதியைப் பற்றி எழுதவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தவளிடம் டாக்டர்மேல் பழியைப் போட்டுப் பொய் சொல்வது எந்தப் புத்தகத்தில் வரும்.

செல் எவ்வளவு பிழைத்தது என்று காட்டும் கோடுகள் திரையில் வந்தன. இதுதான் அவளுடைய முடிவு. பத்து வாரம் முடிந்தபின் இரண்டு தட்டுக்கும் பெரிய அளவில் சிவப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. மேல்தட்டின் கோடு மேலேயே நின்றது, கீழ்த்தட்டின் கோடு குத்தென்று கீழே இறங்கியது. எனவே கொழுப்பைத் தடுத்தால் பழக்கப்பட்ட செல் மறுபடி மருந்துக்குப் பணிகிறது. கூட்டத்தில் ஒரு முனகல், நல்ல முனகல். தணிகாசலம் சார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். எனவே. எட்டு வாரம் சிவப்பு மருந்தே படாத செல், வித்தையை மறந்த செல், அது பணியாமல் என்ன செய்யும். கொழுப்பு மருந்தால் பணிந்ததா, மறந்ததால் பணிந்ததா, இனி யாராலும் சொல்ல முடியாது, சென்னியப்பனாலும் முடியாது. ஒருவேளை கொழுப்பு மருந்தாலும் இருக்கலாமே. இருக்கலாம். அப்படியானால் சொல்லாமல் விட்டாலும் முடிவு ஒன்றுதானே. மார்கழியில் துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மேசையில் மைசூர்பாகு இருந்தது, இந்தக் கோட்டுக்காக வாங்கியது, அன்றிலிருந்து இந்த "ஒன்றுதானே"வைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். பெனிட்டா இப்போது பழைய படத்துக்குத் திரும்பிப் போனாள். பை நைந்து ஒழுகுகிற படம். பை ஒழுகினால் கொஞ்ச மருந்தே போதும், நடுவுக்கு ஓடிக் கொன்றுவிடும், வாராவாரம் கொடுக்கிற அந்தக் கொஞ்சமே போதும், நாம் முதலில் எதிர்பார்த்தது அதைத்தான், ஆனால் அந்தப் பத்து வாரத்தில் அப்படி எதுவும் காணப்படவில்லை, ஏனென்று தெரியவில்லை என்றாள். காணப்படவில்லை. முதல் சனிக்கிழமை பாதி. இரண்டாம் சனிக்கிழமை முக்கால். கொழுப்பு மருந்து தனியாக ஒன்றும் செய்யாது, சிவப்பு மருந்து அந்த அளவில் மேல்தட்டை அசைக்கவில்லை, இரண்டும் சேர்ந்த இடத்தில் கொத்துக்கொத்தாக மிதந்தது. இவள் ஆறு வருடமாகத் தேடியது அதுதான். இந்தக் கண்ணால் பார்த்தார், உலகத்தில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால். பார்த்தவுடன் அதைத் தன் கையில் நேர்ந்த பழுது என்று நினைத்தார். துடைத்துச் சுத்தம் பண்ணி, தீனி போட்டு, இல்லாமல் ஆக்கினார். செத்துப்போகட்டும் என்று விட்டிருந்தால் போதும். காலி பிளாஸ்க்கை நீட்டியிருந்தால் அந்தப் பெண் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இருபத்தேழு வருடம் அகராதி புரட்டி என்ன படித்தாய் என்று யாரோ கேட்டதுபோல இருந்தது. பிழைக்கவைப்பது ஒன்றைத்தான் படித்திருக்கிறார். எதை என்று பார்க்கவில்லை.

போட்டோ வந்துவிட்டது. முதுகில்லை, முகமே. டிபன்பாக்ஸோடு எப்போதோ சிரித்தது. கீழே அவர் பெயர், அதற்குக் கீழே சின்னதாக, மறைந்த ருக்குமணி அக்காவின் நினைவுக்கு. கைதட்டினார்கள். லோகநாதன் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். "பவுடர் பூசியிருக்கலாம்னு சொன்னேனில்ல." தேர்வாளர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார், நீ ஊரில் இல்லாத பத்து வாரமும் கீழ்த்தட்டுக்குச் சிவப்பு மருந்து தவறாமல் போனது என்பதற்கு என்ன உறுதி. பெனிட்டா தயங்கவே இல்லை. அட்டவணை இருக்கிறது, அதைவிட அந்தக் கை இருக்கிறது, என் கையைவிட நான் அதை நம்புவேன் என்று சொல்லிக் கடைசி வரிசையைக் காட்டினாள். தலைகள் திரும்பின. சென்னியப்பன் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. லோகநாதன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்கண்ணா, காப்பி இன்னும் வரல."

"அம்மிணி" என்றார். "கீழ்த்தட்டுக்கு மருந்து ஊத்தலைங்க."

அவள் சிரித்த முகம் அப்படியே இருந்தது, சொல் இன்னும் போய்ச் சேரவில்லை. "எந்த வாரம்ணே?"

"மூணாவதுல இருந்து கடைசி வரைக்கும். எட்டு வாரம். அடிச்ச டிக்கெல்லாம் பொய்ங்க."

தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே சென்னியப்பன் பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒளிக்குச்சியை அணைக்க மறந்திருந்தாள், சிவப்புப் பொட்டு ஒன்று சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏண்ணே?" என்றாள், மைக்கில்லாமல்.

"செத்துக்கிட்டு இருந்துச்சுங்க. ரெண்டு வாரம் ஊத்துனேன். முதல்ல பாதி, அப்புறம் முக்காவாசி. மேல்தட்டு அசையவே இல்லை. கீழதான் கொத்துக்கொத்தா மிதந்துச்சு. காலியாப் போயிருமுன்னு ஓய்வு குடுத்தேன். நீங்க வந்து கேட்டா என் கையில செத்துச்சுன்னு சொல்லோணுமேன்னு." அவர் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "நீங்க தேடுனது அதுதான்னு எனக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது."

யாரோ தேர்வாளர் அம்மாவுக்கு மெல்ல மொழிபெயர்த்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முக்கால்வாசியா என்று கேட்டார், வேகமாக எதையோ எழுதினார். ஒரு முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதில் கோபம் மட்டும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் நின்றுகொண்டே வாங்கிக்கொள்ளலாம். தணிகாசலம் சார் தமிழில், "பத்து வாரமும் மறுபடி பண்ணணும். எலியெல்லாம் அப்புறம்தான். யாரு பண்றது?" என்றார். நான் பண்ணுறேனுங்க என்று தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லும் பாத்தியதை இல்லை என்று அங்கேயே நின்றது.

"நான் பண்றேன் சார்" என்றாள் பெனிட்டா. "மருந்து நானே ஊத்துறேன்." புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், கண் கலங்கியிருந்ததா, தூரத்தில் தெரியவில்லை. பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "அண்ணே, சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க வந்து பாருங்க. எவ்வளவு செத்திருக்குன்னு உங்க கண்ணுக்குத்தான் சரியாத் தெரியும். எதையும் காப்பாத்த வேண்டாம். உள்ளதை மட்டும் எங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேனுங்க அம்மிணி."

உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. கேள்விகள் வேறெங்கோ போயின, எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, என்ன அளவு என்று இனி எல்லோரும் தன்னிடம் வந்து கேட்பார்கள், ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லச் சொல்ல ஒவ்வொரு முறையும் இப்படிக் காது சுடும், சுடட்டும். இதற்காவது கேட்க ஓர் ஆள் இருந்தாள், எதிரே நின்று ஏண்ணே என்று கேட்டாள். டாக்டர் வேண்டாமென்று சொல்லவில்லை, ருக்கு. போடலாம் என்றுதான் சொன்னார். நான்தான். உதடு அசைந்துவிட்டது போலிருக்கிறது, லோகநாதன் காதைக் கொண்டுவந்தான். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லப்பா" என்றார்.